சேனைக்கிழங்கு சாப்பிட்டால் நாக்கு ஏன் அரிக்கிறது?

சேனையை அறுக்கும்போது கையும், சரியாக வேகாததைத் தின்றால் நாக்கும் தொண்டையும் நமநமவென்று அரிக்கும். காறல் என்று சொல்வது இதைத்தான்.

காரணம் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு. கிழங்கின் சில செல்களுக்குள் இது கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாக, கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். கிழங்கை வெட்டினாலோ கடித்தாலோ செல் உடையும், ஊசிகள் வெளியே வந்து தோலில் குத்தும். கம்பளிப்பூச்சி மேலே ஊர்ந்தால் எப்படி இருக்கும்? கிட்டத்தட்ட அதே கதைதான். விலங்குகள் தோண்டித் தின்றுவிடாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு.

எல்லாச் சேனையும் ஒரே மாதிரி காறாது. காட்டுச் சேனை பொல்லாதது. தோட்டங்களில் பரவலாகப் பயிராகும் கஜேந்திரா ரகத்தில் காறல் மிகக் குறைவு. வாங்கியதும் சமைக்காமல், காற்றோட்டமான இடத்தில் சில வாரம் போட்டுவைத்து எடுப்பது பழைய வழக்கம். நானும் அந்தக் கட்சிதான். அப்புறம் புளி. வேகவைக்கும் தண்ணீரில் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, வெந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். கழுவிய ஈரத்தோடு அறுத்தால் அரிப்பு கூடும்.

நாக்கு அரித்தால் கிழங்கு கெட்டுவிட்டது என்று பலர் குப்பையில் போடுகிறார்கள்; கெட்ட சேனை கொழகொழவென்று அழுகி நாறும், காறலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.