வெள்ளிக்கிழமை அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்

கேள்வி: திருச்சியில் பிறந்த நாங்கள் 29 வருடங்களாக லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். இருவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். மூட்டுவலி, குளிர் வந்தால் படி ஏற முடிவதில்லை. செப்டம்பரில் ஸ்பெயினின் தோரெவியேஹாவுக்குப் போனபோது, கடலிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு ஃபிளாட் பார்த்தோம். பழைய கட்டடம், இரண்டாவது மாடி, 1,60,000 யூரோ. வெள்ளிக்கிழமைக்குள் 6,000 யூரோ கட்டினால் வேறு யாருக்கும் காட்ட மாட்டேன் என்கிறார் ஏஜென்ட். வக்கீலையும் அவரே ஏற்பாடு செய்கிறாராம். வருடத்தில் எட்டு மாதம் அங்கே இருந்துவிட்டு, மீதி நாள் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறோம். பணத்தைக் கட்டலாமா?

— ஒரு வாசகி, ஹாரோ

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமை பணம் கட்ட வேண்டாம். ஸ்பெயினே வேண்டாம் என்று சொல்லவில்லை. முட்டிவலிக்கு வெயில் தேடிப் போவதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது விலை இல்லை, "எட்டு மாதம்" என்ற அந்த இரண்டு வார்த்தைகள்தான்.

அங்கே வீடு வாங்குவது வேறு, அங்கே வாழ்வது வேறு. காசு இருந்தால் ஃபிளாட்டை யாரும் வாங்கலாம். ஆனால் பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் விசா இல்லாமல் ஸ்பெயின், பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளில் எல்லாம் சேர்த்து எந்த 180 நாள் கணக்கிலும் 90 நாள்தான் தங்க முடியும். அக்டோபரில் போனால் டிசம்பர் கடைசியில் வெளியே வந்துவிட வேண்டும், சரியாகக் குளிர் கடிக்கிற நேரத்தில்! நடுவில் பாரிஸில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான்கு நாள் போனாலும், அதுவும் இந்த 90-இல்தான் சேரும். முன்பு பாஸ்போர்ட்டில் முத்திரையைப் புரட்டிப் பார்த்தார்கள். 2025 அக்டோபரிலிருந்து கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் ஏற்றும் முறையைத் தொடங்கியிருக்கிறார்கள், இனி நாட்களை எண்ணப்போவது அந்தக் கணினி. 5 லட்சம் யூரோவுக்குச் சொத்து வாங்கினால் கிடைத்துவந்த கோல்டன் விசாவும் 2025 ஏப்ரல் 3-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

உங்களுக்கு இருக்கும் வழி, அங்கே வேலை பார்க்காமல் சொந்த வருமானத்தில் வாழ்கிறவர்களுக்கான விசா. இன்றைய கணக்கில் விண்ணப்பிப்பவருக்கு வருடம் 28,800 யூரோ, துணைக்கு இன்னொரு 7,200 யூரோ வருமானம் காட்ட வேண்டும். ஒருமுறை நன்றாக யோசியுங்கள்: வருடத்தில் 183 நாளுக்கு மேல் இருந்தால் நீங்கள் ஸ்பெயினில் வரி கட்டுகிறவர். லண்டன் வீட்டு வாடகை, திருச்சி வங்கி வட்டி எல்லாவற்றையும் அங்கே கணக்குக் காட்ட வேண்டிவரும். இது ஒத்துவருமா என்று தெரிந்த பிறகுதான் வீட்டைப் பற்றிய பேச்சே.

அப்புறம், நீங்கள் பார்த்தது செப்டம்பர். நான் ஒரு ஜனவரி முழுக்க அந்தக் கடற்கரையில் வாடகைக்கு இருந்தேன். பகலில் வெளியே 16, 17 டிகிரி, நல்ல வெயில். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கலாம். வீட்டுக்குள் வந்தால் மறுபடி ஸ்வெட்டர் தேவைப்பட்டது. வடக்குப் பார்த்த ஃபிளாட். கோடைக்காகக் கட்டிய சுவர், தரை முழுக்க டைல்ஸ், ஹாரோவில் இருப்பது போல ரேடியேட்டர் கிடையாது. காலையில் ஜன்னலில் நீர் கோத்திருக்கும், போர்வை தொட்டால் ஈரம் போலச் சில்லென்றிருக்கும். ஆரஞ்சு நிற கேஸ் சிலிண்டர் வைத்த அடுப்பு மாதிரியான ஹீட்டரை அறைக்கு அறை உருட்டிக்கொண்டு திரிந்தேன். தெற்குப் பார்த்த எதிர்வீட்டுப் பாட்டி பால்கனியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஒரே தெரு, ஒரே வெயில், திசைதான் வேறு. உங்கள் ஃபிளாட் எந்தத் திசை பார்க்கிறது? லிஃப்ட் இருக்கிறதா? அந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. கணவரின் முட்டிக்காக வாங்குகிற வீட்டில் இரண்டு மாடி ஏறுவதா?

சரி, பத்திர விஷயத்துக்கு வருவோம். விற்பவரின் ஏஜென்ட் பிடித்துக் கொடுக்கிற வக்கீல் வேண்டவே வேண்டாம். ஏஜென்டோடு சம்பந்தமில்லாத, உங்களுக்குப் புரிகிற மொழி பேசுகிற ஒருவரை நீங்களே தேடிப் பிடியுங்கள். கையெழுத்தாகும் இடத்தில் இருக்கும் நோட்டரி இரு தரப்புக்கும் பொதுவான ஆள், உங்களுக்காக வாதாட மாட்டார். நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்போமா? அங்கே அதற்கு ஈடானது 'நோட்டா சிம்ப்ளே'. பத்துப் பதினைந்து யூரோவுக்குள் கிடைத்துவிடும். சொத்து யார் பெயரில், என்ன அடமானம், ஜப்தி உண்டா எல்லாம் அதில் தெரியும். 'கதாஸ்த்ரோ' என்று இன்னொரு பதிவேடு, ஏறக்குறைய நம் பட்டா மாதிரி. இரண்டிலும் உள்ள அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். பால்கனியை அடைத்து அறையாக்கியிருந்தால் அது எதிலும் ஏறாமல் இருக்கலாம்.

கட்டடத்துச் சங்கத்துக்கு விற்பவர் வைத்திருக்கும் பராமரிப்புப் பாக்கியும் வீட்டோடு உங்களிடம் வரும், நடப்பு வருடமும் அதற்கு முந்தைய மூன்று வருடமும். பாக்கி இல்லை என்று சங்கத்திடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். சுற்றுலா வாடகைக் கணக்கையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து புதிதாக அப்படி விட, சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்குப் பேர் சம்மதிக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் 'அர்ராஸ்' ஒப்பந்தம் போட்டு, வழக்கமாக விலையில் 10 சதவீதம் முன்பணம் தருவார்கள். வழக்கமான வடிவத்தில், நீங்கள் பின்வாங்கினால் அது போகும், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். வீட்டு விலைக்கு மேல் சுமார் 20,000 யூரோ தனியாக வைத்திருங்கள். சொத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவதற்கான வரியே விலையில் 9, 10 சதவீதம் வரும், நோட்டரி, பதிவு, வக்கீல் செலவு அதற்கு மேல். வீடு பூட்டிக் கிடந்தாலும் ஸ்பெயினில் குடியிருக்காத உரிமையாளர் வருடா வருடம் வரி கட்ட வேண்டும்.

இதைவிட மலிவாக, ஊருக்கு வெளியே தோட்டத்தோடு வில்லா இருக்கிறது என்று அடுத்த போன் வரலாம். அதற்கு இரண்டு மடங்கு ஜாக்கிரதை தேவை. 2008 ஜனவரியில் அல்மேரியா மாகாணத்து வேரா என்ற ஊரில், ஊராட்சி அனுமதியோடு கட்டிய ஒரு பிரிட்டிஷ் தம்பதியின் வீட்டை, அந்த அனுமதியே செல்லாது என்று சொல்லி இடித்துத் தள்ளினார்கள். அவர்கள் கராஜில் குடியிருக்க வேண்டியதாயிற்று. உங்களைப் போல ஓய்வு பெற்றவர்கள்தான். வெள்ள வரைபடத்தையும் வக்கீலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 2019 செப்டம்பரில் பக்கத்து ஒரிவேலாவில் சேகுரா ஆறு புரண்டு வந்து தெருக்களை மூழ்கடித்தது.

ஏஜென்டிடம் இன்றே போன் செய்து, நோட்டா சிம்ப்ளே பார்க்காமல் ஒரு யூரோவும் தர மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். வேறு யாராவது வாங்கிவிட்டால் வாங்கட்டும், அந்தக் கரை நெடுக ஃபிளாட்கள் விற்பனைக்கு இருக்கின்றன. ஜனவரி ஆரம்பத்திலிருந்து மார்ச் வரை, 90 நாளைத் தாண்டாமல், அதே ஊரில் லிஃப்ட் உள்ள தெற்குப் பார்த்த வீடாக வாடகைக்கு எடுங்கள். கணவர் காலையில் எழுந்து கடைக்கு நடந்து போய் வருகிறாரா, முட்டி என்ன சொல்கிறது, தமிழ்ப் பேச்சில்லாத சாயங்காலங்கள் உங்களுக்கு எப்படிப் போகின்றன என்று பாருங்கள். ஏப்ரலில் மறுபடி எழுதுங்கள், அப்போது எந்தத் தெரு என்று பேசலாம். தடித்த காலுறை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.