கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் கணிதப் புதிர்கள் வைத்தால் எடுபடுமா? எந்த மாதிரி புதிர் வைக்கலாம்?

எடுபடும். ஆனால் ஆளை மேடையில் ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்து, முதலில் சொன்னவருக்குப் பரிசு என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். ஏற்பாட்டுப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன்.

நாங்கள் 1998இல் பொறியியல் முடித்த பேட்ச். 2008இல் நடந்த பத்தாம் ஆண்டு சந்திப்பில் புதிர்ப் போட்டியை நடத்தியது நான்தான். 12 நாணயங்கள், ஒன்று மட்டும் எடை மாறியது. தராசில் மூன்றே முறை நிறுத்து அது எது, கனமா லேசா என்று சொல்ல வேண்டும். அருமையான புதிர். ஆனால் பத்து நிமிடம் என்று கெடு வைத்தேன். படிக்கும்போது யாரெல்லாம் முதல் ரேங்க் எடுத்தார்களோ அவர்களே எழுந்து பதில் சொன்னார்கள், மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அரியரை முடிக்க முடியாமல் பட்டம் வாங்காமலே ஊருக்குப் போன என் ஹாஸ்டல் அறைத்தோழன் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிட்டான். போன் செய்தபோது, "மறுபடியும் நோட்டீஸ் போர்டுல மார்க் லிஸ்ட் ஒட்டுன மாதிரி இருந்துச்சுடா" என்றான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

2023இல் இருபத்தைந்தாம் ஆண்டு வந்தபோது வேறு மாதிரி செய்தேன். யோசனை என்னுடையது அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை) முன்னாள் மாணவர்களுக்கும் போகும் 'டெக்னாலஜி ரிவ்யூ' இதழில், ஆலன் காட்லீப் என்பவர் 1966இலிருந்து ஐம்பது வருடத்துக்கும் மேல் ஒரு புதிர்ப் பகுதி நடத்தினார். நிதானமாக யோசித்து விடை எழுதி அனுப்பலாம், அவசரமே கிடையாது. அதில் வருடத்துக்கு ஒருமுறை வருவது இது: அந்த வருடத்தின் நான்கு இலக்கங்களையும் தலா ஒருமுறை பயன்படுத்தி, கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், அடுக்கு இவற்றை வைத்து 1 முதல் 100 வரை எத்தனை எண்களை உருவாக்க முடியும்?

நான் நாங்கள் படிப்பை முடித்த வருடத்தை எடுத்துக்கொண்டேன். 1, 9, 9, 8. மண்டபச் சுவரில் நீளமாக சார்ட் ஒட்டி, நூறு கட்டம் போட்டு, ஸ்கெட்ச் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். பெயர் எழுத வேண்டாம், பரிசும் கிடையாது. உதாரணத்துக்கு 1⁹ + 9 − 8 = 2 என்று நானே ஒன்றை எழுதிவைத்தேன். காபி குடிக்க வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். 1 + 9 + 9 + 8 = 27 என்று யாரோ எழுத, பக்கத்திலேயே இன்னொருவர் 19 + 9 + 8 = 36 என்று எழுதினார். கூட வந்திருந்த மனைவிமார், கணவன்மார், பிள்ளைகள் எல்லாரும் எழுதினார்கள். சாயங்காலத்துக்குள் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. 100 மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

அதைப் போட்டது என் அறைத்தோழன். இப்போது ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். 99 + 1⁸. அவ்வளவுதான். "ஒன்றை எத்தனை தடவை பெருக்கினாலும் ஒன்றுதானேடா, எட்டை அங்கே ஒளிச்சு வெச்சுட்டேன்" என்றான். அன்றைக்கு அவன் கடைசி பஸ்ஸுக்குத்தான் போனான்.

இதெல்லாம் படிப்ஸ் கூட்டத்தின் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லலாம். எனக்கும் எம்-3 (பொறியியல் கணிதத்தின் மூன்றாம் தாள்) அரியர் இருந்தது. பரீட்சைக் கணக்கு வேறு, இது வேறு.

    

ஒரு எச்சரிக்கை: உங்கள் பேட்ச் 2000 என்றால் இந்தப் புதிர் வேண்டாம். மூன்று பூஜ்ஜியத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் நகராது. அதற்குப் பதில் 1914இல் கேம்பிரிட்ஜில் மகலனோபிஸ் (பின்னாளில் பெயர்பெற்ற புள்ளியியல் அறிஞர்) ஒரு பத்திரிகையில் பார்த்து ராமானுஜனிடம் கேட்ட புதிரை வையுங்கள். ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள். அது எந்த வீடு? ராமானுஜன் அடுப்பில் காய் கிண்டிக்கொண்டே, இப்படிப்பட்ட எல்லாத் தெருக்களுக்கும் பொருந்தும் தொடர் பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் ஒன்றை, சொன்னாராம். உங்கள் ஆட்களுக்கு முதலில் எட்டு வீட்டுத் தெருவைக் கொடுங்கள். ஆறாம் வீடு, இரு பக்கமும் 15. அதைப் பிடித்தபிறகு பெரிய தெருவுக்குப் போகலாம். நடத்துபவர் நீங்கள் என்பதால் விடை: 288 வீடுகள், 204ஆம் எண். சார்ட்டில் எழுதிவிடாதீர்கள்.