பழைய லப்டொப்பைக் கழிக்க முன்னம்: திறந்த மூல மென்பொருள் கேள்வி பதில்

கிளிநொச்சி, ஆசிரியை: வின்டோஸ் 10 முடிஞ்சுது எண்டு திரையில வருகுது. என்ரை லப்டொப் மூன்றாந் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம். புதுசு வாங்கத்தான் வேணுமோ தம்பி?

வேண்டாம் ரீச்சர். 2025 ஒக்டோபர் 14 உடன் வின்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு முடிந்தது உண்மை. வின்டோஸ் 11 க்குப் பொதுவாக எட்டாந் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். அதனால் பழுதில்லாத மெசினும் கழிவுக்குப் போகிறது. வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவசத் திறந்த மூல இயங்குதளத்தின் எக்ஸ்எப்சிஈ எனும் இலகுவான பதிப்பைப் போடுங்கோ. 4 ஜிபி ராமுக்குப் பாரமில்லை, 2029 வரை திருத்தங்கள் வரும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாட்டினால் வேகம் கண்ணுக்கே தெரியும்.

புதுக்குடியிருப்பு, கொம்மியூனிக்கேஷன் கடை: கிராக் வின்டோஸ் சும்மா ஓடுதே அண்ணை, பிறகேன் மாறுவான்?

அந்தக் கிராக்கை ஓட்ட முன்னம் அன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். ஆர் எழுதினது எண்டே தெரியாத ஒன்றுக்கு வீட்டுத் திறப்பைக் கொடுக்கிற வேலை அது. உங்கள் கடைக்கு ஊரவையின் அடையாள அட்டை, வங்கிப் படிவம் எல்லாம் வருகிறது. திறந்த மூலத்தில் நிரலை எவரும் படித்துச் சோதிக்கலாம். பிரதி எடுத்துக் கொடுக்க உரிமமே இடம் தருகிறது.

ஆனால் பிரிண்டரை முதலில் பாருங்கோ. கெனன் எல்பிபி 2900 லினக்ஸில் செருகினவுடன் அடிக்காது, தனி டிரைவர் போட்டு மினக்கெட வேண்டும். எச்பி லேசர்கள் பெரும்பாலும் கரைச்சல் தருவதில்லை.

ஒட்டுசுட்டான், கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர்: பத்து வருசக் கூட்டறிக்கை முழுக்கப் பாமினியில இருக்கு. வேர்ட்டுக்குப் பதிலான லிப்ரே ஒபிஸில திறந்தால் ஆங்கிலக் குப்பையாத் தெரியுது.

ஐயா, கோப்பு பழுதாகவில்லை. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துருதான் அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. பழைய மெசினில் இருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து, அதை இருதரம் கிளிக் செய்து நிறுவினால் போதும். லிப்ரே ஒபிஸை மூடித் திறந்தால் தமிழ் தெரியும்.

அத்தோடு நிற்காதேங்கோ. பாமினியில் கிடக்கும் பெயரைத் தேட முடியாது, போனில் வாசிக்க முடியாது. மூலத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை யூனிக்கோட் மாற்றியில் போட்டு மாற்றுங்கோ. இடையில் இருக்கும் ஆங்கிலமும் சேர்ந்து மாறுவதுதான் வில்லங்கம்: பழைய அடையாள அட்டை எண்ணின் கடைசி 'வி' எழுத்து 'ஏ' ஆகிவிடும். அங்கத்தவர் பட்டியலை ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்க வேண்டும்.

பாமினியில் பழகின விரலுக்குப் புது விசைப்பலகை தேவையில்லை. தமிழ் அடிக்க உதவும் ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவி, வெளியேறி மீண்டும் நுழைந்து, தமிழில் 'தட்டச்சு' (டைப்ரைட்டர்) முறையைச் சேருங்கோ. அடிப்படை எழுத்துக்கள் பெரும்பாலும் அதே விசைகளில்தான் இருக்கும். செயலகத்துக்கு அனுப்புவதைப் பிடிஎப் ஆக அனுப்பினால் எழுத்துரு குழம்பாது.

மாங்குளம், உயர்தர மாணவன்: டேட்டா குறைவு அண்ணா. எப்பிடி இறக்கிறது?

லினக்ஸ் மின்ட் நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. டொரன்டில் இறக்கினால் லைன் அறுந்தாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரும். கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாரும், கோப்பு பழுதென்றால் நிறுவல் நடுவழியில் நிற்கலாம். 8 ஜிபி பென்னில் ரூபஸ் என்ற இலவச மென்பொருளால் எழுதும். அந்தப் பென்னே வகுப்பு முழுக்கப் போதும். பென்னைச் செருகி மெசினைப் போட்டவுடன் டெல், லெனோவோவில் எப்12, எச்பியில் எப்9 அழுத்திப் பென்னைத் தெரிந்து, முதலில் நிறுவாமலே ஓட்டிப் பாரும். வைபை தெரியாவிட்டால் போனைக் கேபிளால் இணைத்து டிரைவர் மனேஜரைத் திறவும்.

வின்டோஸையும் வைத்திருக்கப் போகிறீர் என்றால் அதன் பாஸ்ட் ஸ்டார்ட்டப் (விரைவுத் தொடக்கம்) வசதியை நிறுத்தும். இல்லாவிட்டால் வின்டோஸ் பகுதி அரைத்தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸில் இருந்து அதில் எழுத முடியாது. கரண்ட் போகிற நேரத்தில் பற்றரி பலமில்லாமல் டிஸ்க்கைப் பகுதி பிரிக்க வேண்டாம்.

முல்லைத்தீவு, ஸ்டூடியோ: போட்டோசொப் ஓடுமா?

ஓடாது என்றே வையுங்கோ. கல்யாண அல்பம் செய்யிற மெசினை மாற்றாதேங்கோ. கணக்கும் கடிதமும் பார்க்கிற மற்ற மெசினில் தொடங்குங்கோ.