மட்டி கேட்டேன், பழக்கடையைக் காட்டினார்கள்

கேள்வி: சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்குக் குடிவந்திருக்கிறோம். சந்தையில் மட்டி, அதுதான் ஓட்டுக்குள் சதை இருக்குமே அது, கேட்டால் பழக்கடையைக் காட்டுகிறார்கள். சரி, சிப்பி என்று கேட்டு வாங்கினேன். பழவேற்காட்டில் சாப்பிட்டது மாதிரியே இல்லை. கறுப்பாக, நீளமாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லவே இல்லை. குமரி மாவட்டத்தில் மட்டி என்றால் விரல் நீள வாழைப்பழம்தான். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். அங்கே சிப்பி என்று விற்பது கடல் பாறையில் ஒட்டி வளர்வது. ஆட்கள் முங்கிப்போய்ப் பெயர்த்தெடுத்து வருகிறார்கள். மலபாரில் அதுவே கல்லுமக்காய். நீங்கள் பழவேற்காட்டில் சாப்பிட்டது ஏரி மண்ணில் புதைந்து கிடக்கும் மட்டி. ஓடு தடித்து, வழவழவென்று இருக்கும். கேரளத்தில் இந்த வகையைக் கக்கா என்பார்கள். சுண்ணாம்புக்குச் சுடும் வெற்று ஓடு கிளிஞ்சல். ஆகவே பெயரைச் சொல்லி மட்டும் வாங்காதீர்கள், கூடையைப் பார்த்துக் கேளுங்கள். ஆன்லைனில் என்றால் படத்தைப் பாருங்கள்.

விலையில்தான் நிஜமாகவே ஏமாற வாய்ப்புண்டு. ஓட்டோடு ஒரு கிலோவில் பெரும்பங்கு ஓட்டின் எடைதான். உரித்த சதை விலை கூடுதலாகத் தெரிந்தாலும் கணக்குப் போட்டால் சில நாள் அதுவே மலிவு. ‘ஓட்டோடயா, சதையா?’ என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆனாலும் நான் ஓட்டோடுதான் வாங்குவேன், உயிரோடிருக்கிறதா என்று பார்க்க முடியுமே! வாய் லேசாகத் திறந்திருப்பதை இன்னொன்றால் தட்டுங்கள். மெல்ல மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடாததும் ஓடு உடைந்ததும் வேண்டாம். எங்கே எடுத்தது என்றும் கேளுங்கள். இவை தண்ணீரை வடிகட்டித் தின்பவை. சாக்கடை கலக்கும் முகத்துவாரத்தில் எடுத்தது என்றால் அந்த அழுக்கும் உள்ளே சேர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத சில நுண்பாசிகளின் நஞ்சு சதையில் தங்கினால், வேகவைத்தாலும் போகாது.

வீட்டுக்கு வந்ததும் மட்டியைக் கடல்நீர் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் இரண்டு மணி நேரம் போட்டுவையுங்கள், மண்ணைக் கக்கும். நல்ல தண்ணீரில் போட்டால் செத்துப்போய் மண் உள்ளேயே தங்கிவிடும். சிப்பியில் மண் குறைவு. நார் போல ஒட்டியிருப்பதைப் பிய்த்துவிட்டு ஓட்டைத் தேய்த்துக் கழுவினால் போதும். அப்புறம், வெந்த பிறகும் வாய் திறக்காததைக் கத்தியால் நெம்பாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.