வரையாட்டின் முதுகு ஏன் சிவக்கிறது?

கேள்வி: ஏ4 தாளில் நீர்வண்ணத்தில் வரைந்த வரையாட்டை ஏ2 அளவில் பிரிண்ட் எடுத்தேன். சாம்பல் முதுகு சிவப்படிக்கிறதே, ஏன்?
— வாசகி, கோத்தகிரி

பதில்: வளர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய திட்டு இருக்குமே, நிறக்கோளாறு முதலில் பல்லிளிப்பது அங்கேதான். சாம்பலில் எதையும் ஒளிக்க முடியாது. செல்போனில் படமெடுத்துக் கொடுத்தீர்களோ? 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்யுங்கள். ஏ2வுக்குப் பெரிதாக்கினாலும் அங்குலத்துக்கு 300 புள்ளி நிற்கும். அச்சிடும் தாளுக்கேற்ற கலர் ப்ரொஃபைலை, அதாவது அந்தத் தாளில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் கோப்பை, போடச் சொல்லுங்கள். பளபளப்புத் தாள் வேண்டவே வேண்டாம், ரோமம் பிளாஸ்டிக் ஆகிவிடும். அமிலமில்லாத பருத்தித் தாள், பிக்மென்ட் மை (நிறத்துகள் கலந்த மை) போதும். முதலில் அந்த முதுகை மட்டும் ஒரு துண்டு அடித்து, பகல் வெளிச்சத்தில் அசலோடு வைத்துப் பாருங்கள். கடைக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும்.