மின்தடையைத் தடுக்க ஐரோப்பிய ஒழுங்குமுறை ஆணையங்களால் என்ன செய்ய முடியும்?

மின்சாரமே தயாரிக்காத ஆணையம் மின்தடையை எப்படித் தடுக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். விதிகளால்தான்.

2025 ஏப்ரல் 28, பகல் 12.33-க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் மின்சாரம் இழந்தன. மின்னழுத்தம் கட்டுமீறி ஏற, மின்நிலையங்கள் அடுத்தடுத்துத் துண்டித்துக்கொண்டன. மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் பிடித்துவைக்கும் பொறுப்பு ஸ்பெயினின் சூரிய, காற்றாலை நிலையங்களுக்கு அன்றைய விதிப்படி இல்லை. தொழில்நுட்பம் கையில் இருந்தும் விதி பழசாகவே இருந்தது. எனக்கு உறுத்துவது இதுதான். அந்த ஜூனில்தான் ஸ்பெயினின் ஒழுங்குமுறை ஆணையம் விதியைத் திருத்தி, அவையும் அந்தப் பணியைச் செய்ய வழிவிட்டது.

அண்டை நாடுகளோடு இணைக்கும் மின்கம்பிகளும் முக்கியம். அன்று மின்சாரத்தை மீட்கப் பிரான்சும் மொராக்கோவும் கைகொடுத்தன. எல்லை தாண்டும் மின்கம்பிகளின் திறனில் குறைந்தது 70 சதவீதம் வணிகத்துக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது 2019-இன் ஐரோப்பிய ஒன்றிய விதி. அதைக் கண்காணிப்பது ஸ்லோவேனியாவின் லுப்லியானாவிலுள்ள ஏசர் (ACER), அதாவது ஒன்றியத்தின் எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையங்களின் ஒத்துழைப்பு அமைப்பு.