நாளைக்கு மாறப்போகும் வீட்டை இன்றைக்கு எப்படிக் கட்டுவது? கேள்வி பதில்

கேள்வி (முடிச்சூர்): 2015 டிசம்பர்ல எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. இப்ப இடிச்சுட்டுப் புதுசா கட்டுறோம். கீழே வெறும் கார் பார்க்கிங், மேலே வீடுன்னு போயிடலாமா சார்?

பதில்: தண்ணீருக்கு அது சரிதான். ஆனால் மேல்தளங்கள் செங்கல் சுவரோடு விறைப்பாக நிற்கும், கீழே தூண் மட்டும். பூமி ஆடினால் மொத்த ஆட்டமும் அந்தத் தளத்தில்தான் இறங்கும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் அகமதாபாத்தில்கூட இப்படிக் கட்டிய அடுக்குமாடிகள் சரிந்தன. பார்க்கிங் தளத்தில் இரண்டு திசையிலும் கொஞ்சம் கான்கிரீட் சுவர் வரும்படி உங்கள் இன்ஜினியரிடம் கேளுங்கள்.

தூணுக்குப் பலகை அடைப்பதற்கு முன் சைட்டுக்குப் போய், தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கைப் பாருங்கள். அதன் இரு முனைகளும் தூணின் உள்பக்கமாக 135 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். 'ட' மாதிரி மடக்கியிருந்தால், ஆட்டத்தில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் வாயைப் பிளந்துவிடும். கம்பி கட்டுபவர் "எல்லா இடத்துலயும் இப்படித்தான் சார்" என்பார். அவிழ்த்துக் கட்டச் சொல்லுங்கள்.

பழைய சுவரில் வெள்ளக் கறை தெரிந்தால் இடிப்பதற்குள் அளந்துவிடுங்கள். ரோட்டிலிருந்து அளக்காதீர்கள், ரோடு வளர்ந்துகொண்டே போகும்! பக்கத்து வீட்டு பேஸ்மட்டத்திலிருந்து அளங்கள். மீட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் அந்தக் கறைக்கு மேலே.

கேள்வி (நாகப்பட்டினம்): மாடி எடுக்கலாம்னு தூண் கம்பியை நீட்டி விட்டோம். எட்டு வருஷம் ஆச்சு, துருப்பிடிச்சிருக்கு. பயன்படுமா?

பதில்: சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தூளாகக் கொட்டினால் கம்பி பிரஷ் போதும். தகடு தகடாக உரிந்தால் வெர்னியர் அளவுகோல் வைத்து விட்டத்தை அளக்க வேண்டும். முக்கியமாக, தளத்தோடு கம்பி சேரும் இடத்தைப் பாருங்கள், தண்ணீர் தேங்கி அங்கேதான் அரிக்கும். இன்னும் தள்ளிப்போகும் என்றால், சுத்தம் செய்து, பின்னால் உடைக்கக்கூடிய, சிமென்ட் குறைந்த மெலிந்த கலவையில் கம்பியைச் சுற்றி மூடிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய கேள்வி: அஸ்திவாரம் மாடிக்கும் சேர்த்துப் போட்டதா? மேலே கம்பி நிற்பது அதற்குச் சாட்சி இல்லை. டிராயிங்கைத் தேடுங்கள்.

கேள்வி (ஆர்க்கிடெக்சர் மாணவி): கழற்றி மாட்டும் மாட்யூல் வைத்தால்தானே கட்டடம் காலத்துக்கேற்ப மாறும்?

பதில்: டோக்கியோவில் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா 1972-ல் கட்டிய நகாகின் கேப்ஸ்யூல் டவரைப் பாருங்களேன். 140 கேப்ஸ்யூல்கள், அதாவது பெட்டி மாதிரி சின்ன அறைகள், 25 வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம் என்று திட்டம். ஒன்றைக்கூட மாற்றவில்லை. நெருக்கி அடுக்கியதால் கீழே உள்ளதை எடுக்க மேலே உள்ளதையும் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமையாளர் வேறு. 2022-ல் பிரித்துவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது அதற்கு நேரெதிரான வழி. சிலியின் இகிகே நகரில் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனா குழு 2004-ல் முடித்த கின்டா மொன்ராய் குடியிருப்பு. அரசு மானியம் ஒரு குடும்பத்துக்கு 7,500 டாலர்தான். அதில் சின்னதாக முழு வீடு கட்டாமல், நல்ல வீடு ஒன்றின் பாதியைக் கட்டினார்கள்: குடும்பமே தனியாகச் செய்யச் சிரமப்படும் சட்டகம், சமையலறை, குளியலறை, படிக்கட்டு. பக்கத்தில் காலி இடம். கையில் காசு வரவர மக்களே அதை அடைத்து அறையாக்கிக்கொண்டார்கள். இந்தூரில் கட்டடக் கலைஞர் தோஷியின் அரண்யா குடியிருப்பும் இதே சங்கதிதான். டோக்கியோ டவரையும் இகிகே வீடுகளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மாற்றுவதற்குக் கிரேன் வேண்டுமா, கொத்தனார் போதுமா என்பதுதான் வித்தியாசம்.

கேள்வி (தஞ்சாவூர்): தாத்தா கட்டின மெட்ராஸ் டெரஸ் வீடு. ஒழுகுது. இடிச்சுடச் சொல்றாங்க.

பதில்: அவசரப்படாதீர்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எடுத்த கூரை. அந்தக் கட்டைகளில் சுவருக்குள் போகும் முனைதான் முதலில் உளுக்கும். கூரான ஊசியால் அங்கே குத்திப் பாருங்கள். இரண்டு மூன்று கட்டை போயிருந்தால், முட்டுக் கொடுத்து அவற்றை மட்டும் மாற்றலாம். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசாதீர்கள், ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும்.

கேள்வி (ஓசூர்): அப்பா அம்மாவுக்கு வயசாகுது அண்ணா. கட்டும்போதே என்ன செய்யணும்?

பதில்: கீழ்த்தளத்தில் ஒரு அறை, பக்கத்திலேயே பாத்ரூம், கதவு மூன்றடிக்குக் குறையாமல், வாசற்படி உயரம் இல்லாமல். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவானால், உள்ளே யாராவது விழுந்தால் அதை அடைத்துக்கொண்டு கிடப்பார்கள், தள்ளித் திறக்க முடியாது. பாத்ரூம் சுவரில் பிடித்து எழுவதற்கான கைப்பிடி இன்றைக்கே மாட்ட வேண்டாம். ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் அது வரப்போகும் இடத்தில் மட்டும் துளைகளை கான்கிரீட்டால் நிரப்பி, டைல் ஒட்டுவதற்கு முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.